சீசருக்கு ஒரு வேளைச் சோறு

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்களின் அனுபவங்களைத் தொகுத்து ஒரு மலர் போடுகிறார்களாம். போன மாதம், தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கும் இளம் டாக்டர் அதற்காக வீடு தேடி வந்தார்.

"புது மெஷின் வந்திருக்கு சார். நாய்க்குத் தைராய்டு பாக்கணும்னா ரத்தத்த வெளியூருக்கு அனுப்ப வேண்டாம். அரை மணி நேரத்துல இங்கனயே தெரிஞ்சிரும். மெஷின் இல்லாத காலத்துலயே நீங்க கண்டுபிடிச்சீங்களே, அந்த டாபர்மேன் கேஸு, அத எழுதுங்க சார். எங்களுக்கெல்லாம் பாடமா இருக்கும்" என்றார்.

பாடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நோயைக் கண்டுபிடித்தது நான் இல்லை. நான் கண்டுபிடித்ததாக ஒரு கதை பல வருடங்களாக எங்கள் துறைக்குள் உலவிக்கொண்டிருக்கிறது. கூட்டங்களில் யாராவது அதைச் சொல்லும்போது நான் மறுத்ததில்லை. அடக்கமானவர் மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பேன், அவ்வளவுதான். அன்றைக்கும் அதே சிரிப்பைச் சிரித்துக் காப்பி கொடுத்து அவரை அனுப்பி வைத்தேன். கதவைச் சாத்திய பிறகு என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. இந்த வயதிலும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தைராய்டைப் பற்றிக் கல்லூரியில் நான் மனதில் ஏற்றிக்கொண்டது ஒரே ஒரு பத்தி. மலைப்பக்கத்து மண்ணில் அயோடின் குறைவு, அதனால் அங்கே பிறக்கும் கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் கழுத்துக் கழலை வரும், கடலோரத்தில் அயோடினுக்குப் பஞ்சமில்லை. பரீட்சையில் இதை அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதைத் தாண்டி யோசிக்க வேண்டிய தேவை இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

முதல் வேலை விளாத்திகுளம் பக்கம். எனக்கு மேலே இருந்தவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். கையைக் கழுவினால் துடைக்க மாட்டார், உதறுவார். எந்த ஆடு வந்தாலும், எந்த நாய் வந்தாலும், முதலில் வாயே திறக்க மாட்டார். பின்னந்தொடையின் உட்பக்கம் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நிற்பார். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது அவருக்கு ஆகாது. "ஏலே தம்பி, நாலால பெருக்குனா உன் தப்பும் நாலு மடங்காயிரும்லா" என்பார். அந்த நிமிடத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பார். நிமிடம் முடிந்ததும் நாடித்துடிப்பை உரக்கச் சொல்வார், நான் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஆட்டுக்காரரிடம் திரும்புவார். அப்போது ஆளே மாறிவிடுவார். "மிருகம் பொய் சொல்லாது, கூட வாரவந்தான் சொல்லுவான்" என்று ஆரம்பித்து ஸ்டேஷனில் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். என்ன போட்டாய், எவ்வளவு போட்டாய், யார் சொல்லிப் போட்டாய்? பாதிப் பேர் பயத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர் பயத்தில் பொய் சொல்வார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அதட்டலைத்தான். தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்து, எனக்குக் கீழேயும் ஆட்கள் வந்து, என்னையே பெரிய டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்த காலத்தில், ஒரு முழு நிமிடம் நின்று நாடி பார்ப்பதை நான் எப்போதோ விட்டிருந்தேன். கூட்டம் அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஓய்வுக்குச் சில வருடம் முன்பு ஒரு சித்திரை மாதம் சந்தியாகு அண்ணாச்சி தன் நாயோடு வந்தார். சங்கு குளிக்கப் போனவர். நீரின் அழுத்தத்தில் இரண்டு காதும் போய், தொழிலை விட்டு, கடற்கரைத் தெருவில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார், மகள் கட்டிக்கொடுத்த ஊரில். தன் குரலே தனக்குக் கேட்காததால் சத்தமாகப் பேசுவார். நம் உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொள்வார். அவர் நன்றாக வாசிப்பார் என்பதால், முக்கியமானதை ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம்.

நாயின் பெயர் சீசர். ஊர் மாறிப் போன துறைமுக அதிகாரி ஒருவர் குட்டியாக விட்டுப்போன டாபர்மேன். அந்த வீட்டில் அவன்தான் அண்ணாச்சிக்குக் காது. வாசலில் ஆள் கூப்பிட்டால், குக்கர் விசில் அடித்தால், வந்து சாரத்தை, அதாவது கைலியை, பிடித்து இழுப்பான். ரோட்டில் பின்னால் லாரி வந்தால் முழங்காலில் முட்டி ஓரத்துக்குத் தள்ளுவான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே பழகிக்கொண்டது.

"இப்பம் இழுக்க மாட்டேங்கான்யா" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னார் அண்ணாச்சி. "படுத்தே கெடக்கான். அதும் எங்கன தெரியுமா? தார் ரோட்டுல, உச்சி வெயில்ல. நிழலுக்கு இழுத்தா வரமாட்டேங்கான். பழைய சோறுதான் திங்கான், ஆனா உடம்பு வச்சிக்கிட்டே போவுது."

தூத்துக்குடிச் சித்திரை வெயிலில் ஒரு நாய் தார் ரோட்டைத் தேடிப் போய்ப் படுக்கிறது என்றால் அதற்கு உள்ளே குளிர்கிறது என்று அர்த்தம். முகம் தொங்கி, கண் சோர்ந்து, ஏதோ துக்கம் நடந்த வீட்டு நாய் மாதிரி இருந்தான். வாலில் முடி கொட்டி எலி வால் போல ஆகியிருந்தது. நோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எதிரே நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பாசத்தில் சோற்றைக் கொட்டிவிட்டுப் பொய் சொல்லும் ஒரு ஆள்தான். சீட்டில் எழுதினேன்: "தீனி அதிகம். இனி ஒரு வேளைச் சோறு மட்டும்."

அவர் வாசித்தார். "ரெண்டு வேளை கொஞ்சமாத்தானய்யா போடுதேன்" என்றார். நான் சீட்டைத் திரும்ப வாங்கி அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "நாயைச் சோறு போட்டே கொல்லப் போகிறீர்கள்." அவர் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது விலாவின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்திருந்தது. எடை குறையவில்லை. சொறி என்று சொல்லி அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன். அந்த மாத்திரை தைராய்டு அளவை இன்னும் கீழே இறக்கிக் கணக்கைக் குழப்பும் என்பதெல்லாம் அன்றைக்கு என் நினைவிலேயே இல்லை. சோற்றைக் குறைத்தீர்களா என்று கையால் கேட்டேன்.

"கொறச்சிட்டேன்யா. அவன் மொறச்சிப் பாக்கான்னு நான் ராத்திரிச் சோத்த அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டுத் திங்கேன்" என்றார். ஆஸ்பத்திரி உதவியாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது தடவை அவர் வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் சீசரை இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பைக்கின் ஹாரன் நாய்க்குக் கேட்டிருக்கிறது, எழுந்து முட்டித் தள்ளத் தெம்பில்லை, பைக் அவரை இடித்துவிட்டது. கையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாயின் எடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது பக்கத்தில் நின்றவள் ஹெப்சி. நாசரேத்துப் பெண், ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத டாக்டர். அவள் நாயின் தொடையில் விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளாத்திகுளத்துப் பெரிய டாக்டரை அவள் பார்த்ததே இல்லை.

"சார், பல்ஸ் ரொம்ப மெதுவா இருக்கு. தைராய்டு கொறவா இருக்குமோ? ஒரு டெஸ்ட் அனுப்பிப் பாக்கலாமா?" என்றாள்.

அன்று கூட்டம் நிறைய. ஆட்டோடு, கோழியோடு, பூனையோடு ஊரே நின்றது. எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று பட்டது.

"ஏம்மா, இது உப்பு வெளையுத ஊரு. காத்துல உப்பு, தண்ணில உப்பு. கருவாட்டுத் தலையத் தின்னு வளந்த நாய்க்கு அயோடின் கொறையுமாக்கும்? நாசரேத்துல வேற பாடம் நடத்துதாங்களோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பூனை வைத்திருந்த அம்மாவும் சிரித்தார். உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி மட்டும் என்ன என்று புரியாமல், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். ஹெப்சி நாயின் தொடையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

நாய்களுக்கு இந்த நோய் வருவது அயோடின் குறைவால் இல்லை. பெரும்பாலும், உடம்பின் காவல் சக்தியே புத்தி மாறித் தன் சொந்தச் சுரப்பியைத் தின்றுவிடுகிறது. சில நாய்களுக்குச் சுரப்பி தானாகவே சுருங்கிப் போகிறது. உப்பளத்துக்கு நடுவில் கட்டிப்போட்டு வளர்த்தாலும் வரும். டாபர்மேன் மாதிரி சில ஜாதிகளுக்கு அதிகமாகவே வரும். ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். மலைக்கும் ஆட்டுக்கும் எழுதிய விடையைக் கடலுக்கும் நாய்க்கும் சேர்த்து எழுதினேன்.

அந்த வாரமே நான் கோமாரித் தடுப்பூசி முகாமுக்காகத் திருச்செந்தூர்ப் பக்கம் போனேன். நான் இல்லாத நாளில் ஹெப்சி அண்ணாச்சியை வரவழைத்து, அரிப்பு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு ஒன்றரை மாதம் காத்திருந்து, நான் மீட்டிங்குக்குப் போன ஒரு காலையில், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்திருக்கிறாள். அதைச் சுழற்றித் தெளிநீரைப் பிரித்து, மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ் டிரைவரின் காலடியில் வைத்துச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். மனிதருக்குப் பார்க்கும் லேபில் நாயின் கணக்கு எல்லாம் சரியாக வராது. அதையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

முடிவு வந்தது. சுரப்பியின் நீர் அடிமட்டம், அதை முடுக்கிவிடும் நீர் உச்சத்தில், கொழுப்பும் உச்சத்தில். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மருந்துக் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். "சார், காலைல ஆறு மாத்திரை, சாயங்காலம் ஆறு மாத்திரையா? மனுசனே ஒண்ணுதான் போடுதான்" என்றார். நாய்க்கு அவ்வளவு வேண்டும் என்று, ஹெப்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, நானே அறிந்தது மாதிரிச் சொன்னேன். அந்தப் பொய் அங்கேதான் தொடங்கியது.

இரண்டாவது வாரம் குக்கர் விசிலுக்குச் சீசர் சாரத்தைப் பிடித்து இழுத்தானாம். பழைய முடி இன்னும் கொத்தாகக் கொட்டியபோது அண்ணாச்சி பயந்து ஓடி வந்தார். அதற்குப் பிறகு புது முடி வந்தது, எடை இறங்கியது, தொங்கிய முகம் நிமிர்ந்தது. நாலு மாதத்தில் பழைய சீசர்.

ஒரு நாள் காலை கூட்ட நேரத்தில் அண்ணாச்சி வந்தார். லேஞ்சியில், அதாவது கைக்குட்டையில், எதையோ சுற்றி வைத்திருந்தார். பிரித்தார், ஒரு பெரிய சங்கு. கடைசியாகக் கடலுக்குள் போன அன்று தன் கையால் எடுத்ததாம், விற்காமல் வைத்திருந்தாராம்.

"டாக்டரய்யா, எங் காதத் திரும்பக் குடுத்தது நீங்கதான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "நீங்க எழுதித் தந்த சீட்டு ஒண்ணையும் தொலைக்கலய்யா. எழுத்து பெசகாம நடந்தேன்."

பாலிதீன் கவரிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். என் கையெழுத்து, என் பெரிய எழுத்து, சோறு போட்டே கொல்லப் போகிறீர்கள். அவற்றுக்கு நடுவே சின்ன உருண்டை எழுத்தில் ஒரு சீட்டு கிடந்தது. ஹெப்சியின் எழுத்து. "பெரிய டாக்டர் சொல்லச் சொன்னார்: அரிப்பு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்துங்கள். பிறகு ரத்தம் பார்க்க வேண்டும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஹெப்சி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். பிறகு தனியாகக் கேட்டபோது, "நீங்க எழுதுனதுக்கு மாறா ஒரு மாத்திரையக்கூட நிறுத்த மாட்டேன்னுட்டார் சார். உங்க பேரச் சொன்னாத்தான் கேட்டார்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட்டத்தின் முன்னால், இது இந்தப் பிள்ளை கண்டுபிடித்தது என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? அவளைக் கேலி செய்ய எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. நான் சங்கை வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் அவளுக்கு மாற்றல் வந்தது, சங்கு என் வீட்டு அலமாரிக்குப் போனது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் மனசு கேட்காமல் கடற்கரைத் தெருவுக்குப் போனேன். மாலை வெயில். கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் சாய்ந்து அண்ணாச்சி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் சீசர், வயிறு ஒட்டி, சிக்கென்று இருந்தான். அவனைக் காட்டிப் பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்தினேன். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் மறுபடி கடலைப் பார்த்தார். நானும் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான் கண்டுபிடிக்கவில்லை, பழியைச் சோற்றின் மேல் போட்டேன், உங்களைத் திட்டியது தப்பு, உங்கள் கை உடைந்ததற்கும் நான்தான் காரணம். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். முகத்தைத் திருப்பிச் சொன்னால் அவருக்குத் தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சட்டைப்பையில் பேனா இருந்தது. திட்டுவதற்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன், மன்னிப்பை மட்டும் காற்றிடம் சொன்னேன். கேவலம், வேறு சொல் இல்லை.

சீசர் விட்டானா? யாரோ பேசுகிறார்கள் என்று அண்ணாச்சியின் சாரத்தைப் பிடித்து இழுத்தான். அவன் வேலையை அவன் செய்தான். அண்ணாச்சி சட்டென்று திரும்பி என் வாயைப் பார்த்தார்.

"என்னமோ சொன்னீங்களாய்யா?"

நான் தலையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று கையை விரித்தேன். சீசர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை இழுத்தான். அண்ணாச்சி அவன் தலையைத் தட்டி, "சும்மா கெட ஏலே, ஒண்ணுமில்லயாம்" என்றார்.

சீசர் அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்து, வயதாகிச் செத்தான். சேதி வந்தது, நான் போகவில்லை.

இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி, முதலில் ஹெப்சிக்கு அனுப்பினேன். இப்போது வேறொரு மாவட்டத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். உன்னிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். போன் செய்தாள். "அது பரவால்ல சார். அண்ணாச்சிட்ட எழுதிக் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பழைய ஓ.பி. சீட்டு ஒன்று வீட்டில் கிடந்தது, அதன் பின்பக்கத்தில் பழையபடி பெரிய எழுத்தில் எழுதினேன்: "சீசர் பெருத்தது நோயால். நீங்கள் போட்ட சோற்றால் இல்லை. நான் எழுதியது தப்பு. கண்டுபிடித்தது ஹெப்சி டாக்டர். என்னை மன்னியுங்கள்."

அண்ணாச்சிக்கு இப்போது முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். திரும்ப ஒரு தடவை வாசித்தார். விரலை முதல் இரண்டு வரியின் அடியில் வைத்துக்கொண்டார். ஹெப்சியைப் பற்றிய வரிக்கு அந்த விரல் வரவே இல்லை. பிறகு உள்ளே போய் அந்தப் பாலிதீன் கவரைக் கொண்டுவந்து, பழுத்துப்போன சீட்டு ஒன்றை எடுத்து என் சீட்டின் பக்கத்தில் வைத்தார். இனி ஒரு வேளைச் சோறு மட்டும்.

"இத நீங்க மாத்தி எழுதவே இல்லயேய்யா" என்றார். முதல் முறையாக அவர் குரல் தணிந்திருந்தது. "நோவு தீந்தாலும் இது மாறாதுன்னுல்லா நெனச்சேன். கடைசி வரைக்கும் ஒரு வேளைதான் போட்டேன். மாதா கோயில் திருநாளுக்குக்கூட ஒரு துண்டு கறி போடல. கதவுக்குப் பின்னால நின்னுதான் தின்னேன். அவனுக்கு வாசம் தெரியாமலா இருந்திருக்கும்?"

நான் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.